சிறைக்குள் வந்த எடைத்தராசு

ஒருவர் உடல் மெலியாமல் உழைக்க நாளொன்றுக்கு எவ்வளவு உணவு வேண்டும்? இன்று பாடநூலிலேயே விடை உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இதனை அறிய விரும்பிய மருத்துவர்கள் சிறைச்சாலைகளை நாடினர். காரணம் எளியது. வெளியே இருப்பவர் வீட்டில் கூழ் குடிப்பார். வழியில் ஏதேனும் வாங்கித் தின்பார். அதையெல்லாம் யார் அளப்பது? கைதி உண்பதோ அளந்து கொடுத்ததை மட்டுமே. அவரை எப்போது வேண்டுமானாலும் தராசில் நிறுத்தலாம். சம்மதம் கேட்கும் வழக்கம் அன்று இல்லை.

சென்னை மாகாணத்தில் இவ்வாராய்ச்சியில் ஈடுபட்டவர் டபிள்யூ. ஆர். கார்னிஷ் என்னும் ஆங்கில மருத்துவர். மாகாண மக்களின் உணவையும் ஜில்லா சிறைகளின் உணவையும் பற்றிய அவரது அறிக்கை 1863இல் வெளிவந்தது. சிறைக் கைதிகளுக்காகப் போட்ட இந்தக் கணக்கு, பின்னர் சிறைக்கு வெளியே இருந்தவர்களுக்காக வாதாட உதவிற்று.

1876ஆம் ஆண்டு தாது வருடப் பஞ்சம் தொடங்கியது. மறு ஆண்டு இந்திய அரசு அனுப்பிய சர் ரிச்சர்டு டெம்பிள், நிவாரண வேலை செய்யும் ஆணுக்கு நாள்தோறும் ஓர் இராத்தல் தானியமும் ஓர் அணாவும் போதும் என்றார். மாகாணச் சுகாதார ஆணையராக இருந்த கார்னிஷ் இதனை வன்மையாக எதிர்த்தார். தானியமும் போதாது, பருப்பு போன்ற புரத உணவுக்கும் வழியில்லை என்பது அவர் வாதம். நாமே கணக்கிட்டுப் பார்க்கலாம். ஓர் இராத்தல் என்பது ஏறத்தாழ 450 கிராம். 100 கிராம் அரிசி சுமார் 350 கலோரி தரும். ஆக 1,600 கலோரிக்கும் குறைவு! மண் வெட்டிச் சுமப்பவருக்கு 3,000 கலோரிக்கு மேல் வேண்டும். கார்னிஷ் கேட்டது முழுவதும் கிடைக்கவில்லை. எனினும் சென்னை அரசு படியை ஓரளவு உயர்த்தியது.

அந்நாளில் சோறு கிடைக்கும் என்பதற்காகவே திருடிச் சிறை புகுந்தவர்களும் உண்டு. சிறைகள் நிரம்பி வழிந்தன. எலும்பும் தோலுமாக வந்த பலர் உள்ளே மாண்டனர். இத்தகைய சாவுகளுக்குப் பதிவேடுகள் காட்டும் காரணம் பெரும்பாலும் வயிற்றுப்போக்கு அல்லது சீதபேதி. இதில் ஒரு நுட்பம் உண்டு. நெடுநாள் பட்டினியில் குடலின் உட்சுவர் மெலிந்துவிடும். நோயை எதிர்க்கும் ஆற்றலும் குன்றும். பிறகு சிறு தொற்றும் உயிரைக் கொள்ளும். ஏட்டில் தொற்றின் பெயர் ஏறும். பசியின் பெயர் ஏறாது.

1894ஆம் ஆண்டுச் சிறைச்சாலைகள் சட்டம் தராசைக் கட்டாயமாக்கியது. வேலை செய்யும் கைதி ஒவ்வொருவரின் எடையையும் பதினைந்து நாட்களுக்கு ஒருமுறையேனும் அவரது சீட்டில் பதிய வேண்டும். ஒரு வேலையால் உடல்நலம் கெடுகிறது என்று மருத்துவ அதிகாரி கருதினால், அவ்வேலையிலிருந்து மாற்ற வேண்டும். நல்ல விதிதான். எடை குறைவது காசநோய் போன்றவற்றின் முன்னறிவிப்பும் ஆகும். ஆனால் அதே சட்டம், சிறைக் கண்காணிப்பாளரே மருத்துவ அதிகாரியாகவும் இருக்கலாம் என்றது. வேலை வாங்குபவரே, அவ்வேலை உடலைக் கெடுக்கிறதா என்று தீர்ப்பும் கூறலாம்! இந்தச் சட்டத்தின் பெருங்குறை இதுவே என்பது என் கருத்து.

1908இல் தண்டனை பெற்ற வ. உ. சிதம்பரனார் கோவைச் சிறையில் செக்கிழுத்தார். மாடு செய்ய வேண்டிய அந்த வேலை, எடைச்சீட்டு விதி நடப்பில் இருந்த காலத்தில்தான் அவருக்குத் தரப்பட்டது. அதே ஆண்டில் தண்டிக்கப்பட்ட சுப்பிரமணிய சிவா, 1912இல் தொழுநோயுடன் வெளிவந்தார். நோய் சிறையில்தான் தொற்றியது என எழுதுவது வழக்கம். தொழுநோய்க் கிருமி உடலில் புகுந்து அறிகுறி தோன்றச் சராசரியாக ஐந்து ஆண்டுகள் ஆகும். சிலருக்கு இருபது ஆண்டுகளும் ஆகலாம். ஆதலின் தொற்றிய இடத்தை உறுதியாகக் கூற இயலாது. கிருமியை ஹேன்சன் 1873இலேயே கண்டுவிட்டார். பயனுள்ள சல்போன் மருந்துகளோ 1940களில்தான் வந்தன. சிவா 1925இல் மறைந்தார்.

வெளியே உள்ள மக்களுக்குக் கிடைக்கும் அதே தரமான மருத்துவம் கைதிக்கும் கிடைக்க வேண்டும் என்று ஐக்கிய நாடுகள் சபை 2015இல் ஏற்ற மண்டேலா விதிகள் கூறுகின்றன. மருத்துவ முடிவுகளை மருத்துவப் பணியாளரே எடுக்க வேண்டும். சிறை அதிகாரிகள் அவற்றைத் தள்ளவோ புறக்கணிக்கவோ கூடாது என்பதும் அவ்விதிகளில் ஒன்று.