கே.கே.ஆர். நகர் ஒலிபெருக்கி வழக்கு

கே.கே.ஆர். நகர் ஒலிபெருக்கி வழக்கு என்பது வழிபாட்டு உரிமைக்கும் அயலார் அமைதிக்கும் இடையிலான எல்லையை இந்திய உச்ச நீதிமன்றம் வரையறுத்த வழக்காகும். சென்னை மாதவரம் நெடுஞ்சாலையை ஒட்டிய தேவாலயம் ஒன்றில் ஒலிபெருக்கி, டிரம், கிட்டார் ஆகியவற்றால் எழுந்த ஓசையை எதிர்த்துக் குடியிருப்போர் நலச்சங்கம் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடியது. சாலை வாகனங்களே இரைச்சலுக்குக் காரணம் என்றும், சிறுபான்மையினரை ஒடுக்கவே இவ்வழக்கு என்றும் தேவாலயத் தரப்பு வாதிட்டது. 2000 ஆகஸ்ட் 30 அன்று உச்ச நீதிமன்றம் அதன் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. பிறர் அமைதியைக் குலைத்து வழிபட எந்த மதமும் சொல்லவில்லை என்றது தீர்ப்பு.

அவ்வாண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என வரம்பிட்டன. இவ்விதிகள் எல்லா மதத்தினருக்கும் பொருந்தும். தொட்டியம் போன்ற பேரூர்களின் திருவிழாக்களுக்கும் இவையே அளவுகோல்.