திறன்பேசி எப்படிக் கற்றுக்கொள்கிறது? செயற்கை நுண்ணறிவு பற்றி ஓர் எளிய விளக்கம்

நோணாங்குப்பத்தில் பார்வை மங்கிய பெரியவர் ஒருவர் இருக்கிறார். எழுத்துகளைத் தட்டச்சு செய்ய இயலாததால், வெளிநாட்டில் வேலை செய்யும் மகனுக்குத் திறன்பேசியில் பேசியே செய்தி அனுப்புவார். அவர் பேசப் பேச அது எழுதிக்கொள்ளும். ஒருநாள் "இப்படிக்கு உன் அத்தா" என்று முடித்தார். திறன்பேசியோ "உன் ஆத்தா" என்று எழுதி அனுப்பிவிட்டது. ஊர்ப் பெயரும் துண்டு துண்டாகச் சிதைந்திருந்தது. "ஹஜ்ரத், இதுக்கு எல்லாம் தெரியும்கிறாங்களே, அத்தாவைத் தெரியலையே?" என்று நம்மிடம் கேட்டார்.

நியாயமான கேள்வி. இதற்குப் பதில் தெரிந்துகொண்டால், திறன்பேசியை எதில் நம்பலாம், எதில் நம்பக்கூடாது என்பதும் விளங்கிவிடும்.

விதியா, உதாரணமா?

மக்தபில் பிள்ளைகளுக்கு அரபி எழுத்து கற்பிக்கும்போது, "கீழே ஒரு புள்ளி இருந்தால் பா, மேலே இரண்டு இருந்தால் தா, மூன்று இருந்தால் ஸா" என்று விதி சொல்லித் தருகிறோம். பழைய கணினி நிரல்கள் இந்த முறையில்தான் எழுதப்பட்டன. ஆனால் ஆயிரம் பேரின் கையெழுத்துக்கோ, ஆயிரம் பேரின் குரலுக்கோ இப்படி விதி எழுதி முடியாது.

எனவே இயந்திரக் கற்றலில் விதிக்குப் பதிலாக உதாரணங்களைத் தருகிறார்கள். ஒரு குரல் பதிவையும் அதற்குரிய சரியான எழுத்தையும் கொடுப்பார்கள். கணினி முதலில் ஒரு யூகம் செய்யும். அது தவறினால், உள்ளே இருக்கும் ஏராளமான எண்கள் சிறிதளவு திருத்தப்படும். இது பல இலட்சம் முறை நடந்தபின் யூகங்கள் பெரும்பாலும் சரியாக அமையத் தொடங்கும். இயந்திரக் கற்றலின் அடிப்படை இவ்வளவுதான்.

இந்தப் பயிற்சி பெரும்பாலும் பெரிய கணினிக் கூடங்களில் நடக்கிறது. பயிற்சி முடிந்த எண்களின் தொகுப்பே திறன்பேசிக்குள் வைக்கப்படுகிறது. இடம் போதாது என்பதால் 32 பிட் எண்களை 8 பிட்டாகச் சுருக்குவதுண்டு. அப்போது அளவு ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகிவிடும். இந்தக் கணக்குகளை விரைந்து போடுவதற்கென்றே தனிப் பகுதி கொண்ட சிப்புகள் 2017ல் ஐபோன் 10, ஹுவாவேயின் கிரின் 970 ஆகியவற்றின் மூலம் சந்தைக்கு வந்தன. இன்று நடுத்தர விலைத் திறன்பேசிகள் பலவற்றிலும் அவை உள்ளன.

கையிலேயே நடப்பதும் வெளியே செல்வதும்

நம் குடும்பப் படங்களும் குரலும் நம்மிடம் உள்ள அமானிதங்கள். ஆகவே இந்த வேறுபாட்டை நாம் அறிந்திருக்க வேண்டும்.

ஐபோன் 10ல் வந்த முகம் பார்த்துத் திறக்கும் வசதி, கண்ணுக்குத் தெரியாத 30,000க்கும் மேற்பட்ட அகச்சிவப்புப் புள்ளிகளை முகத்தில் வீசி அதன் வடிவத்தை அளக்கிறது. அந்த அளவு திறன்பேசிக்குள்ளேயே பூட்டி வைக்கப்படுகிறது. கூகுள் விசைப்பலகைக்காக 2017ல் அறிவிக்கப்பட்ட முறை சற்று வேறானது. திறன்பேசி சார்ஜ் ஏறிக்கொண்டு சும்மா இருக்கும்போது, நம் பயன்பாட்டிலிருந்து அங்கேயே கற்கிறது. நாம் தட்டச்சு செய்தது வெளியே போவதில்லை. கற்றதனால் ஏற்பட்ட எண் மாற்றங்கள் மட்டும் சென்று, மற்றவர்களுடைய மாற்றங்களோடு சேர்க்கப்படுகின்றன.

இதற்கு மாறாக, கேள்வி கேட்டால் பதில் எழுதித் தரும் செயலிகளில் பெரும்பாலானவை நம் கேள்வியையும், நாம் கொடுக்கும் படத்தையும் தொலைதூர சர்வருக்கு அனுப்பியே வேலை செய்கின்றன.

இதை அறிய எளிய சோதனை உண்டு. ஃப்ளைட் மோடில் போட்டு, வைஃபையையும் அணைத்துவிட்டுப் பயன்படுத்திப் பாருங்கள். வேலை செய்யாவிட்டால், வெளியே உள்ள கணினியை அது நம்பியிருக்கிறது என்று பொருள். வேலை செய்தால், கணக்கு கைக்குள் நடக்கிறது எனலாம். ஆனால் இணையம் திரும்பியபின் செயலி எதையும் அனுப்பாது என்பதற்கு இது உத்தரவாதமல்ல. மைக், கேமரா, புகைப்படங்கள் ஆகியவற்றுக்கு எந்தெந்தச் செயலிக்கு அனுமதி கொடுத்திருக்கிறோம் என்பதையும் அமைப்புகளில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அத்தா ஏன் ஆத்தா ஆனார்?

நாம் பேசும் ஒலியைத் திறன்பேசி சிறு சிறு துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொன்றும் எந்த எழுத்தாக இருக்கக்கூடும் என்று கணக்கிடுகிறது. பிறகு, எந்தச் சொல் வர வாய்ப்பு அதிகம் என்று பார்க்கிறது. அது கற்ற உதாரணங்களில் "ஆத்தா" நிறைய இருந்து, "அத்தா" அரிதாக இருந்தால், அதிகம் கண்டதையே எழுதும். அதற்கு உறவும் தெரியாது, ஊரும் தெரியாது.

ஆகவே குறை பெரியவரின் உச்சரிப்பில் இல்லை. நம் பேச்சு அந்த உதாரணங்களில் போதுமான அளவு இல்லை என்பதே காரணமாக இருக்கக்கூடும். கூகுளின் குரல்வழித் தட்டச்சில் தமிழ் சேர்ந்ததே 2017 ஆகஸ்டில்தான். சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் குழு 2024ல் வெளியிட்ட இண்டிக்வாய்சஸ் தொகுப்பில், 22 இந்திய மொழிகளில் 16,237 பேரின் 7,348 மணி நேரப் பேச்சு இருந்தது. மாவட்டம் மாவட்டமாகச் சென்று, மக்கள் இயல்பாகப் பேசுவதைத் திரட்டியது இதன் சிறப்பு.

நாமும் பங்களிக்கலாம். ஒன்றிய அரசின் பாஷினி திட்டத்திலுள்ள பாஷா தான், மொசில்லாவின் காமன் வாய்ஸ் ஆகியவற்றில் விரும்பியவர்கள் தமிழில் குரல் வழங்க முடியும். தெரிந்து கொடுப்பது வேறு, தெரியாமல் எடுக்கப்படுவது வேறு. நிபந்தனைகளைப் படித்துவிட்டே முடிவு செய்ய வேண்டும்.

யூகத்தைத் தீர்ப்பாகக் கொள்ளாதீர்கள்

கேள்விகளுக்கு விடை எழுதும் செயலிகளும் அடுத்து வரக்கூடிய சொல்லை யூகித்தே எழுதுகின்றன. தவறைக்கூடத் தயக்கமில்லாத நடையில் சொல்லும். இல்லாத நூலுக்குப் பக்க எண்ணும் கொடுக்கும். மருந்தின் அளவு, பாகப்பிரிவினை, மார்க்கச் சட்டம் போன்றவற்றில் அதன் சொல்லை மட்டும் வைத்து முடிவெடுப்பது ஆபத்தானது. ஒரு ஹதீஸைக் கேட்டால் "யாரிடமிருந்து கேட்டீர்?" என்று விசாரித்தவர்கள் நம் முன்னோர்கள். அந்த வழக்கத்தைத் திறன்பேசியிடமும் விட்டுவிட வேண்டாம். அது காட்டும் மூலத்தைத் திறந்து பாருங்கள், அறிந்தவரிடம் கேளுங்கள்.

பெரியவர் இப்போதும் பேசித்தான் செய்தி அனுப்புகிறார். அனுப்புவதற்கு முன் பேத்தியை ஒருமுறை வாசித்துக் காட்டச் சொல்கிறார்.