கஸ்தானே வாள்

இலங்கையின் கண்டி இராச்சியப் பிரதானிகள் இடையில் தரித்த குறுவாள். ஒருபக்கக் கூர், இலேசான வளைவு. கைப்பிடி வாய் பிளந்த சிங்கத் தலையாக முடியும். விரற்காப்பில் மகர முகங்கள். அரச வேலைப்பாடுகளுக்கென்றே கண்டியில் 'பட்டல் ஹதர' எனும் நான்கு பட்டறைகள் இருந்தன. பிடியில்தான் கைத்திறன் முழுவதும். அலகு பல வாள்களில் ஐரோப்பிய இறக்குமதி. பிற்காலத்தில் இது வெட்டுவதற்கல்ல, பதவியைக் காட்டுவதற்கே. ஆகவே அலங்காரத்தை வைத்து வெட்டுத்திறனை அளப்பது பிழை. வெட்டும் வாளின் தரம் மூன்றில் தெரியும்: கூர் எவ்வளவு நேரம் நிற்கிறது, வளைத்துவிட்டால் அலகு நிமிர்கிறதா, பிடிக்குள் செல்லும் அலகின் வால் ஆடாமல் இருக்கிறதா. இன்று சிலர் விரும்பும் டைட்டானிய வாள் துருப்பிடிக்காது, எடையும் உருக்கில் ஏறத்தாழ 60 சதவீதமே; ஆனால் கடினம் போதாமல் கூர் விரைவில் மழுங்கும். போர்வாளுக்கு உருக்கே பொருத்தம். 1765இல் ஒல்லாந்தர் கண்டி அரண்மனையில் சூறையாடிய தங்கக் கஸ்தானே ஒன்று, 2023 டிசம்பரில் நெதர்லாந்திலிருந்து இலங்கைக்குத் திரும்பியது. கொழும்பு தேசிய நூதனசாலையில் உள்ளது.