வளைத்த மரமும் மெருகிட்ட கைகளும்: தோனெட் நாற்காலியின் உற்பத்தி வரலாறு

நாற்காலியின் வளைந்த உறுப்புகளைப் பலகையிலிருந்து அறுத்தெடுத்து, உளியாலும் அரத்தாலும் உருத்திருத்துவதே ஐரோப்பியத் தச்சரின் நெடுநாள் வழக்கம். இங்கிலாந்தின் விண்ட்சர் நாற்காலிகளில் மரத்தை ஆவியில் வளைக்கும் முறையும் இருந்தது. அறுத்தெடுத்த உறுப்பில் மரத்தின் ரேகை வளைவைப் பின்பற்றுவதில்லை. வளைவு மிகும் இடத்தில் நார்கள் குறுக்கே அறுபடுவதால், உறுப்பு அங்கேயே முறியும்.

1796இல் ரைன் நதிக்கரையிலுள்ள பொப்பார்டில் பிறந்த மிக்கேல் தோனெட், 1830களில் மெல்லிய மரத்தகடுகளைப் பசையில் கொதிக்கவைத்து, அச்சில் வளைத்து ஒட்டினார். 1842இல் வியன்னா சென்ற பின்னரும் இம்முறை தொடர்ந்தது. ஆனால் ஈரமான தட்பவெப்பத்தில் பசை நெகிழ்ந்தது. கடல் கடந்த வணிகத்துக்கு ஒட்டாத முழுமரமே தேவைப்பட்டது.

முழுமரத்தை வளைக்கும்போது அதன் வெளிப்புற நார்கள் இழுபட்டுக் கிழிகின்றன. இதற்குத் தோனெட் கண்ட தீர்வு எளிமையானது. ஆவியில் பதப்படுத்திய பீச் மரக்கம்பின் வெளிப்புறத்தில் இரும்புப் பட்டையொன்று இறுகப் பொருத்தப்பட்டது. பட்டை நீளாது, எனவே மரமும் நீள இயலாமல் உட்புறமாக அமுங்கி வளைந்தது. ஆவியில் பதப்படுத்திய மரம் இழுவிசையைவிட அமுக்கத்தை நன்கு தாங்கும் என்பதே இதன் அடிப்படை. 1856இல் இதற்குக் காப்புரிமை கிடைத்தது. பீச் காடுகள் சூழ்ந்த மொராவியாவின் கோரிச்சானில் தொழிற்சாலை எழுந்தது. 1859இல் வெளிவந்த 14ஆம் எண் நாற்காலி, ஆறு மர உறுப்புகளும் பத்துத் திருகாணிகளும் இரண்டு மரைகளும் மட்டுமே கொண்டது. பிரித்து அடுக்கினால் ஒரு கன மீட்டர் பெட்டியில் 36 நாற்காலிகள் அடங்கின.

வளைமரத்தின் வரலாறு பெரும்பாலும் இந்த எண்களோடு நின்றுவிடுகிறது. கருவி செதுக்குதலை அகற்றியது உண்மை. மெருகிடுதலை அது அகற்றவில்லை. ஆவி பட்ட மரத்தின் மேற்பரப்பில் நார்கள் சிலிர்த்தெழும். கடைசலில் உருட்டிய கம்பு வளைந்து உலர்ந்தபின், தட்டையான அடிப்பகுதியுடைய இழைப்புளி அதன்மேல் ஓடாது. ஒவ்வொரு வளைவையும் கையாலேயே தேய்த்து மென்மையாக்க வேண்டியிருந்தது. சூடான கம்பை வளைக்கும் வேலை ஆண்களுக்கும், தேய்த்தலும் மெருகிடுதலும் பிரம்பு பின்னுதலும் பெரும்பாலும் பெண்களுக்கும் எனப் பிரிக்கப்பட்டன. காப்புரிமை பெற்றது வளைக்கும் உத்தி. தேய்க்கும் திறனோ புதிதாகக் கற்கத்தக்க எளிய வேலையாகக் கருதப்பட்டது. ஆலைகளைக் காடுகளுக்கு அருகே அமைத்ததில் மரத்தின் நெருக்கத்தோடு கிராமத்துக் கூலியின் மலிவும் கணக்கில் இருந்தது. பிரம்பு பின்னும் வேலை ஆலையைச் சுற்றியுள்ள வீடுகளுக்கும் சென்றது.

1869இல் காப்புரிமை முடிவுற்றதும் கோன் நிறுவனம் உள்ளிட்ட போட்டியாளர்கள் இதே நாற்காலியைச் செய்யத் தொடங்கினர். இரும்புப் பட்டையோடு அந்த வேலைப்பிரிவினையும் அவர்களுடைய ஆலைகளுக்குச் சென்றது.