எலியின் மூளையில் பிறந்த கலங்கள்

வளர்ந்த முலையூட்டியின் மூளையில் புதிய நரம்புக்கலம் தோன்றாது என்பதே ஸ்பானிய அறிஞர் கஹாலின் காலந்தொட்டு நிலைத்திருந்த தீர்ப்பு. 1906இல் நோபல் பரிசு பெற்றவர் அவர். மறுத்துரைக்க யாருக்குத் துணிவு வரும்?

அமெரிக்காவில் ஜோசப் அல்ற்மனுக்கு வந்தது. பிரியப்போகும் கலம் தன் டி.என்.ஏயைப் படியெடுக்கையில் தைமிடினைச் சேர்த்துக்கொள்ளும். கதிரியக்க அடையாளமிட்ட தைமிடினை வளர்ந்த எலிகளுக்கு ஏற்றினார். நரம்புக்கலங்களிலும் அவ்வடையாளம் தென்பட்டது. 1962இல் அதனை வெளியிட்டார். 1965இல், நினைவாற்றலோடு தொடர்புடைய ஹிப்போகம்பஸ் பகுதியில் பிறப்புக்குப் பின்னரும் கலங்கள் உருவாவதை கோபால் தாஸுடன் இணைந்து எழுதினார்.

எவரும் கல்லெறியவில்லை, பல்லாண்டுகள் கண்டுகொள்ளவுமில்லை. கல்லெறியைவிட இது கொடிது என்பேன்.

1998இல், இறந்த புற்றுநோயாளரின் மூளைகளிலும் புதிய கலங்கள் அறியப்பட்டன. 2018இல் வெளியான இரு ஆய்வுகளோ ஒன்றையொன்று மறுத்தன. மனிதரைப் பற்றிய வழக்கு இன்னும் முடியவில்லை. எலியின் வழக்கில் அல்ற்மன் வென்றுவிட்டார். 2016இல் அவர் காலமானார்.