மூண்டாவது பெடல்

கன நாளாக இங்கை ஒண்டும் எழுதேல்லை. மாஸ்ரேர்ஸ் கடைசித் தவணை, தலை நிமிர நேரமில்லை. இந்தக் கிழமை கொஞ்சம் மூச்சு விட இடம் கிடைச்சிருக்கு. அதனால் ஒரு சின்ன வரலாறு. கார் பற்றினது. கார் பிடிக்காத ஆக்களும் பயப்பிடாமல் வாசிக்கலாம், ஊர்க்கதையும் வரும் :-)

என்னோடை ஒரே பேஸ்மென்ற்றில் இருக்கிற நண்பனிட்டை ஒரு 1998ஆம் ஆண்டு ஹொண்டா சிவிக் இருக்கு. ஒன்ராறியோ உப்பில் கறள் பிடிச்சாலும் எஞ்சின் இன்னும் திறம். ஆனால் ஓட்டோமற்றிக் கியர்பொக்ஸ் செத்துப்போச்சு. மார்க்கத்தில் கார் இல்லாமல் வேலைக்கும் வகுப்புக்கும் போய் வாறது எவ்வளவு சீவன் போற விசயம் எண்டு இங்கை இருக்கிற ஆக்களுக்குத் தெரியும். அவன் அதே மாதிரி இன்னொரு ஓட்டோ பெட்டி தேடாமல், காரை மனுவலாக மாத்திறது எண்டு முடிவெடுத்தான். வேலையைச் செய்தவர் யாழ்ப்பாணத்து மெக்கானிக் அண்ணை ஒருவர். நான் லைற் பிடிச்சுக்கொண்டு நிண்டதோடை சரி.

கியர்பொக்ஸை மட்டும் மாத்தினால் போதும் எண்டுதான் கன பேர் நினைக்கினம். அப்பிடியில்லை. எஞ்சினுக்குப் பின்னால் இருக்கிற மெல்லிய தகட்டைக் கழற்றிப்போட்டு பாரமான ஃப்ளைவீல் பூட்டவேணும். அதுக்கு மேலை கிளச் தட்டு. கிளச்சை அமத்த ஒரு மாஸ்ரர் சிலிண்டர், கீழை இன்னொரு சிலிண்டர், நடுவிலை எண்ணெய் போற குழாய். பெடல் கூட்டம் முழுக்க மாறும். கியர் லிவர், அதின்ரை கம்பிகள், பெட்டியைத் தாங்கிற மவுண்டுகள், கடைசியில் கம்பியூட்டர். ஓட்டோ காரின்ரை கம்பியூட்டர், தன்ரை பெட்டியைக் காணேல்லை எண்டு எஞ்சின் லைற்றைப் போட்டு அழும். இதுகளை எல்லாம் உடைச்ச கார் யார்ட்டில் ஒரே மாதிரியான மனுவல் சிவிக் ஒண்டிலிருந்து முழுசாக எடுக்கிறதுதான் புத்தி. ரொறொன்ரோவுக்கு வடமேற்கே அலிஸ்ரன் தொழிற்சாலையில் 1988இலிருந்து சிவிக் செய்யினம். அதால் இந்தப் பக்கத்தில் பாட்ஸுக்குக் குறைவில்லை.

இனி வரலாறு. கிளச் பெடலைக் காரிலிருந்து கழற்றவேணும் எண்டு மினைக்கெட்டவர்களில் ஒருவர் ஒரு கனடாக்காரர். சஸ்கச்சுவான் மாகாணத்து ரெஜைனாவில் இருந்த அல்ஃபிரட் ஹோர்னர் மன்றோ எண்ட நீராவி எஞ்சினியர். 1921இல் ஒரு தானியங்கிக் கியர்பெட்டியைக் கண்டுபிடிச்சு 1923இல் கனடாவில் காப்புரிமை எடுத்தார். அவர் பாவிச்சது எண்ணெய் இல்லை, அமுக்கப்பட்ட காற்று. காற்றுக்கு அந்தப் பலம் காணாது. சந்தைக்கு வரேல்லை.

வேலை செய்தது எண்ணெய்தான். ஏர்ல் தொம்சன் எண்டவர் 1928இல் கடிலாக்கில் 'சிங்க்ரோமெஷ்' கொண்டுவந்து கியர் மாத்தேக்கை வாற கரகரப்பை நிப்பாட்டினவர். அதே ஆளின் குழுதான் ஜெனரல் மோட்டர்ஸின் 'ஹைட்ரா-மற்றிக்'கையும் செய்தது. 1939இல் அறிவிச்சு, 1940ஆம் ஆண்டு ஓல்ட்ஸ்மொபில் காரில் வந்தது. பிறகு உலகப் போர். எம்5 ஸ்ருவேர்ட் தாங்கிக்குள்ளும் அதே பெட்டி போச்சுது. போருக்குப் பிறகு லிங்கன், நாஷ், ஹட்சன் எண்டு போட்டிக் கொம்பனிகளும் இதை வாங்கிப் பூட்டிச்சினம்.

1953 ஓகஸ்ட் 12ஆம் திகதி மிச்சிகன் லிவோனியாவில் அந்தத் தொழிற்சாலை எரிஞ்சு போச்சு. ஒரே இடத்தை நம்பியிருந்த கொம்பனிகள் எல்லாம் தடுமாறிச்சினம். கடிலாக்குக்கு பியூயிக்கின்ரை 'டைனாஃப்ளோ'வைப் பூட்டி அனுப்பினவை. பெட்டி மாத்திற வேலையைத் தொழிற்சாலையே செய்யவேண்டி வந்த காலம் அது!

அதே காலத்தில் எங்கட ஊருக்கு வந்த கார்கள் வேற சாதி. பிரித்தானியாவில் செய்த ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர். எல்லாம் மனுவல். 1960களில் இலங்கையில் இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகினபிறகு, வந்த கார்களையே திருத்தித் திருத்தி ஓடினவை. 1990இல் சண்டை திரும்பத் தொடங்க, யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை. பெற்றோல் இல்லை. பற்றறி இல்லை. அப்ப எங்கட ஆக்கள் இந்தக் கிழட்டுக் கார்களை மண்ணெண்ணெய்யில் ஓட வைச்சினம். பெற்றோலைத் துளித்துளியாகக் காபரேற்றருக்குள் விட்டு ஸ்ரார்ட் பண்ணி, எஞ்சின் சூடேறினபிறகு மண்ணெண்ணெய்க்கு மாத்திறது. பழைய எஞ்சினின் அமுக்க விகிதம் 7க்கு 1 அளவில் இருந்ததால்தான் அது தாங்கிச்சுது. புது எஞ்சினெண்டால் இடிச்சே செத்திருக்கும். எரியாத மண்ணெண்ணெய் கீழை இறங்கி எஞ்சின் ஒயிலைத் தண்ணியாக்கும், அதையும் பாத்துக்கொள்ளவேணும். புகை சொல்லி வேலையில்லை எண்டு அப்பா சொல்லுவார்.

பற்றறி இல்லாட்டி? தள்ளு! இரண்டாம் கியரைப் போட்டு, கிளச்சை அமத்தி, நாலு பேர் தள்ள, வேகம் பிடிச்சதும் கிளச்சை விட்டால் சில்லு எஞ்சினைச் சுத்தும். ஓட்டோவில் இது நடக்காது. பெட்டிக்குள் எண்ணெய் அமுக்கத்தைக் குடுக்கிற பம்பை எஞ்சின்தான் சுத்துது. எஞ்சின் படுத்தால் பம்பும் படுத்திடும், சில்லுக்கும் எஞ்சினுக்கும் தொடர்பே இல்லை. ஆரம்பகால ஹைட்ரா-மற்றிக்கில் பின்பக்கம் இன்னொரு பம்ப் இருந்தது, அதைத் தள்ளி ஸ்ரார்ட் பண்ணலாம். பிற்காலத்தில் செலவு மிச்சம் எண்டு அதை எடுத்துவிட்டினம். சுத்தி வர கடையும் பாட்ஸும் ரோ ட்ரக்கும் இருக்கிற உலகத்தை நம்பிச் செய்த முடிவு அது.

"தம்பி, தள்ளி எழுப்பேலாததை நான் காரெண்டு சொல்லமாட்டன்" எண்டு மெக்கானிக் அண்ணை சொன்னது பழங்கதைப் பெருமை இல்லையெண்டு எனக்கு அப்பதான் விளங்கிச்சுது. உலகம் கைவிட்ட இடத்தில் நிண்டு கார் ஓடினவரின் பேச்சு அது.

அதுக்காக ஓட்டோவைப் பழிக்கேலாது. எங்கட பெரியம்மா 45 வயசில் இந்தப் பனியில் கார் பழகினவ. மூண்டு பெடலெண்டால் பழகியிருப்பாவோ தெரியாது. அந்த லைசென்ஸால்தான் அவவுக்கு வேலை, அந்த வேலையால்தான் வீடு. ஒன்ராறியோவில் ஓட்டோவில் பாஸ் பண்ணினாலும் மனுவல் ஓடலாம், இங்கிலாந்தில் அப்பிடி விடமாட்டினம். இரண்டு பெட்டியும் ஆரையோ ஒரு கட்டத்தில் கரை சேர்த்திருக்கு.

எனக்கு உறுத்திறது வேறை. மன்றோவின் பெட்டி ஓடேல்லை, ஆனாலும் 1923ஆம் ஆண்டுக் காப்புரிமையில் அவற்றை பெயர் இருக்கு. ஏ40ஐ மண்ணெண்ணெய்யில் ஓட வைச்ச ஆக்கள் காப்புரிமை எடுக்கப் போகேல்லை. அவையில் சிலர் இப்ப இங்கை கராஜ்களில் முழங்கால் நோவோடை நிக்கினம். உங்கட வீட்டில் அப்பிடி ஆரும் இருந்தால், என்னத்தைக் கழற்றி என்னத்தைப் பூட்டினவை எண்டு விபரமாகக் கேட்டு எழுதி வையுங்கோ. நானும் அண்ணையிட்டைக் கேட்கத் தொடங்கியிருக்கிறன். மிச்சம் அடுத்த முறை.