ஓர் இல்லம், மூன்று இறையில்லங்கள்

முதுமை எய்தியோர்க்கு உணவும் உடையும் உறைவிடமும் அளித்துவிட்டால் நம் கடன் தீர்ந்தது எனப் பலரும் எண்ணுகின்றனர். வயிறு நிறைந்த பின்னும் நிறையாத ஒன்று முதியவர் உள்ளத்தில் உண்டு. அதனை உணர்ந்து எழுப்பப்பட்ட ஓர் இல்லத்தின் வரலாற்றை ஈண்டுக் காண்போம்.

இஸ்தன்பூல் மாநகரிலுள்ள அந்நிலையத்தின் பெயர் 'தாருல் அஜஸா'. இயலாதோர் இல்லம் என்பது பொருள். 1877-78ஆம் ஆண்டுகளில் நிகழ்ந்த ரஷ்ய-துருக்கியப் போர், பால்கன் பகுதிகளிலிருந்து பெருந்தொகையான அகதிகளை அந்நகருக்கு விரட்டியது. ஆதரவற்ற முதியோரும் ஊனமுற்றோரும் அநாதைக் குழந்தைகளும் தெருக்களில் கையேந்தினர். அவர்கள் துயர் துடைக்க சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீது ஓர் இல்லம் அமைக்கப் பணித்தார். உதுமானியர் அம்பெய்து பயின்ற ஓக்மைதான் மேட்டில் 1892இல் அடிக்கல் நாட்டப்பெற்று, 1896இல் அது திறக்கப்பட்டது.

அறச்சாலைகள் உதுமானியருக்குப் புதியன அல்ல. 1557இல் நிறைவுற்ற சுலைமானிய்யாப் பள்ளிவாசலைச் சூழ, ஏழைகளுக்கு உணவளிக்கும் கூடமும் மருத்துவமனையும் அமைந்திருந்தன. அங்கே பள்ளிவாசல் நடுவில் நின்றது; எளியோர் அதனை நாடி வந்தனர். தாருல் அஜஸாவிலோ இறையில்லம் எளியோரை நாடி வந்தது. அதுவும் ஒன்றன்று. அவ்வளாகத்தினுள்ளேயே முஸ்லிம்களுக்குப் பள்ளிவாசலும், கிறிஸ்தவர்களுக்குத் தேவாலயமும், யூதர்களுக்கு அவர்தம் ஆலயமும் எழுந்தன. சமயம் கேளாமல் சேர்த்துக்கொண்ட இல்லம், சேர்ந்தவரின் சமயத்தை வாயிலில் விட்டுவரச் சொல்லவில்லை. அதன் பெருமை இதுவே.

இதற்கு முன்மாதிரி இல்லாமல் இல்லை. கலீஃபா உமர் (ரலி) அவர்கள், பார்வையிழந்த யூத முதியவர் ஒருவர் இரந்து நிற்கக் கண்டு, அவரை இல்லத்திற்கு அழைத்துச் சென்று உதவினார்கள். அவரையும் அவர் போன்றோரையும் ஜிஸ்யா வரியிலிருந்து விடுவித்து, பைத்துல்மாலிலிருந்து உதவி கிடைக்கவும் செய்தார்கள். இமாம் அபூ யூசுஃப் தமது 'கிதாபுல் கராஜ்' நூலில் இச்செய்தியைத் தருகிறார். அன்று அம்முதியவரின் வறுமை தீர்ந்தது. அவர் மார்க்கம் அவரிடமே இருந்தது.

இளையவன் பள்ளிவாசலுக்கு நடந்து செல்வான். நடை தளர்ந்தவர் என் செய்வார்? நின்று தொழ இயலாதவர் அமர்ந்து தொழலாம். அதுவும் இயலாதவர் படுத்துத் தொழலாம். நோன்புக்கு ஈடாக ஏழைக்கு உணவளிக்கலாம். ஷரீஅத் உடலின் சுமையைக் குறைத்ததேயன்றி, உள்ளத்தின் தொடர்பை அறுக்கவில்லை. பாங்கொலி செவியில் விழ வேண்டும். உளூச் செய்ய ஒரு கை தாங்க வேண்டும். இறுதி மூச்சின்போது கலிமாவை நினைவூட்ட ஒரு நாவு அருகிருக்க வேண்டும். முதியவரின் விருப்பம் இவ்வளவே. பிற சமயத்து முதியவருக்கும் தம் நெறிப்படி வாழ்வை முடிக்கும் விருப்பம் இருக்குமன்றோ?

சுல்தான் 1909இல் அரியணை இழந்தார். 1922இல் உதுமானிய சுல்தானாட்சியே மறைந்தது. தாருல் அஜஸாவோ இன்றும் முதியோரைப் பேணி வருகிறது. ஆட்சிகள் மாண்டும் அறம் மாளவில்லை.

இன்று முதியோர் இல்லம் எழுப்ப முனைவோர், எத்தனை கட்டில்கள் எனக் கணக்கிடுகின்றனர். அத்துடன், கட்டிலில் கிடப்பவர் தம் இறைவனை அழைக்க இடமும் துணையும் உண்டா எனவும் கேட்பார்களாக! தாய் தந்தையரை இல்லத்தில் வைத்துப் பேணும் நாமும் அக்கேள்வியிலிருந்து தப்ப இயலாது.